பிரிஞ்சதுக்கு அப்புறம் குழந்தை யார்கிட்ட, எப்போ, எப்படி: புதுசா இந்த நிலைமைக்கு வந்தவங்களுக்கு

நீங்க இதை ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கம் வராம போன்ல படிச்சிட்டு இருக்கலாம், ஆறேழு வருஷத்துக்கு முன்னாடி நானும் அப்படித்தான் உட்கார்ந்து தேடிட்டு இருந்தேன். என் பொண்ணுக்கு அப்போ நாலரை வயசு, இப்போ 11. நான் அப்பா. அவ பெரும்பாலும் அவ அம்மாகூட இருக்கா, வாரத்துல சில நாள் என்கூட, ரெண்டு வீட்டுலயும் நல்லாத்தான் இருக்கா. ஆனா அந்த நிலைமைக்கு வர எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, அதுல ஒரு வருஷம் தேவையே இல்லாம போச்சு, அந்த ஒரு வருஷமாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்னுதான் இதை எழுதுறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால உங்க ஊர் சட்டம் தெரிஞ்ச ஒரு ஃபேமிலி வக்கீலை ஒரு தடவையாவது பார்த்துடுங்க. நான் கீழ சொல்றது எந்த ஊர்ல இருந்தாலும் நீங்களே உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

முதல்ல ஒரு கேள்வி, இதுக்கு பதில் சொல்லாம மேல போகாதீங்க

வீட்டுல அடி, மிரட்டல், வெளிய போனா பின்னாடியே வர்றது, குழந்தைமேல கை வைக்கிறது, கட்டுப்பாடு இல்லாத குடி, போதை, இதுல ஏதாவது இருக்கா? இருந்தா "ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்க"ன்னு கீழ வர்றதெல்லாம் உங்களுக்கு பொருந்தாது. உங்க வேலை முதல்ல நீங்களும் குழந்தையும் பத்திரமா இருக்கிறது, அப்புறம் பாதுகாப்பு ஆர்டர் (உங்களை தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு கோர்ட் போடுறது), அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். பயந்து குழந்தையை கூட்டிட்டு கிளம்ப வேண்டி வந்தா கிளம்புங்க, ஆனா அன்னைக்கோ மறுநாளோ போலீஸ்லயோ வக்கீல்கிட்டயோ ஏன் கிளம்பினோம்னு சொல்லி எழுத்துல பதிய வச்சிடுங்க, இல்லன்னா அது பின்னாடி "குழந்தையை தூக்கிட்டு போயிட்டாங்க"ன்னு உங்களுக்கே திரும்பும். அந்த மாதிரி கேஸ்ல எதிர் பக்கம் குழந்தையை பார்க்கணும்னா மூணாவது ஆள் ஒருத்தர் கூடவே இருக்கிற மாதிரி, அதாவது சூப்பர்வைஸ்டு விசிட்டா, கேட்கலாம். மீடியேஷனுக்கு, அதாவது நடுநிலையான ஒரு ஆள் (மீடியேட்டர்) முன்னாடி ரெண்டு பேரும் பேசி முடிவுக்கு வர்றதுக்கு, போகச் சொன்னா விஷயத்தை முன்கூட்டியே மீடியேட்டர்கிட்ட சொல்லிடுங்க. பயப்படுற ஆளை எதிர்ல உட்கார வச்சு பேசச் சொன்னா அங்க நடக்கிறது பேச்சுவார்த்தையே இல்ல, தனி ரூம் கேட்கலாம், வேண்டாம்னும் சொல்லலாம்.

இந்த பிரச்சனை இல்ல, ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல அவ்வளவுதான்னா, தொடர்ந்து படிங்க.

முதல் சில வாரம்

கோபத்துல நிறைய பேர் செய்ற ஒரு காரியம், குழந்தையை வேற ஊருக்கு கூட்டிட்டு போயிடுறது, இல்ல ஸ்கூல் மாத்திடுறது, இல்ல "கோர்ட்ல பார்த்துக்கலாம், அதுவரைக்கும் காட்ட மாட்டேன்"னு நிறுத்திடுறது. செய்யாதீங்க. வீட்டை விட்டு போற ஆளும் நீங்களா இருந்தா ஒண்ணு கவனிங்க, "அப்புறம் செட்டில் ஆனதும் பார்த்துக்கலாம்"னு ரெண்டு மூணு மாசம் குழந்தை பக்கமே வராம இருந்தா அந்த இடைவெளியே வழக்கமா மாறிடும், குழந்தைக்கு எது பழகிடுச்சோ அதை கலைக்க எந்த ஜட்ஜும் லேசுல ஒத்துக்க மாட்டாங்க. தற்காலிகமா ஒரு ஏற்பாடு போட்டுக்கோங்க, ஒரு பக்கம் போதும், "முடிவாகுற வரைக்கும் இந்த இந்த நாள் இங்க, இந்த இந்த நாள் அங்க"ன்னு மெசேஜ்லயாவது ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டது இருக்கட்டும். முடியலன்னா கோர்ட்ல இடைக்கால ஆர்டர் கேட்கலாம், கேஸ் முடியுற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

குழந்தைகிட்ட சொல்றது எப்படின்னு எல்லாரும் கேட்கிறாங்க. முடிஞ்சா ரெண்டு பேரும் சேர்ந்து, லீவு நாள்ல, தூங்கப் போற நேரத்துல சொல்லாம பகல்ல சொல்லுங்க. சின்னதா சொல்லுங்க. "அம்மாவும் அப்பாவும் இனிமே வேற வேற வீட்டுல இருக்கப் போறோம். இது நாங்க பெரியவங்க எடுத்த முடிவு, உன்னால இல்ல. நீ அதே ஸ்கூலுக்குத்தான் போவ. ஞாயித்துக்கிழமை ராத்திரி அப்பா வீட்டுல படுப்ப." குழந்தைக்கு தேவை காரணம் இல்லைங்க, நாளைக்கு என்ன நடக்கும்கிறதுதான். "உன்னால இல்ல"ங்கிறதை ஒரு தடவை சொன்னா போதாது, முக்கியமா மூணுல இருந்து ஆறு ஏழு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்க எதையும் தங்களோட முடிச்சு போட்டுக்கும். என் பொண்ணு அஞ்சு மாசம் கழிச்சு ஒருநாள் குளிச்சிட்டு இருக்கும்போது "நான் பால் கொட்டினதாலயா"ன்னு கேட்டா. அஞ்சு மாசம் அது அவ மனசுக்குள்ளயே இருந்திருக்கு.

கஸ்டடிங்கிற வார்த்தைக்குள்ள ரெண்டு விஷயம்

ஒண்ணு, குழந்தை யார் வீட்டுல படுத்து எழுந்திரிக்குது, இது பிசிக்கல் கஸ்டடி. இன்னொண்ணு, எந்த ஸ்கூல், ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமா, எந்த மதத்துல வளர்க்கிறது, பாஸ்போர்ட் எடுக்கிறது, இந்த மாதிரி பெரிய முடிவு எல்லாம் யார் கையில, இது லீகல் கஸ்டடி. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கணும்னு இல்ல. எங்களுக்கு பெரிய முடிவு ரெண்டு பேரும் சேர்ந்து, வீடு பெரும்பாலும் அவ அம்மா வீடு. பேப்பர்ல "ஜாயின்ட் கஸ்டடி"ன்னு இருந்தா நாள் கணக்குல பாதி பாதின்னு அர்த்தம் ஆகாது, அப்படி நினைச்சு கையெழுத்து போட்டுட்டு அப்புறம் ஏமாத்திட்டாங்கன்னு சொல்றவங்களை பார்த்திருக்கேன். கையெழுத்துக்கு முன்னாடி வக்கீல்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "இதுல எத்தனை ராத்திரி, எந்தெந்த முடிவு?"

சில நாடுகள்ல இந்த வார்த்தையையே எடுத்துட்டாங்க. இங்கிலாந்துல 2014-ல இருந்து கோர்ட் கொடுக்கிறது "சைல்ட் அரேஞ்ச்மென்ட்ஸ் ஆர்டர்", கனடாவோட டிவோர்ஸ் சட்டத்துல 2021 மார்ச்ல இருந்து கஸ்டடி, ஆக்சஸ் (குழந்தையை போய் பார்க்கிற உரிமை) ரெண்டு வார்த்தையும் போயி "பேரன்டிங் டைம்", "முடிவெடுக்கிற பொறுப்பு"ன்னு வந்திருக்கு. எனக்கு இது நல்ல மாற்றமா தெரியுது, கஸ்டடின்னு சொன்ன உடனேயே யாருக்கு கிடைச்சது யார் தோத்தாங்கன்னு சொந்தக்காரங்க கேட்க ஆரம்பிச்சிடுறாங்க. 1989-ல ஐ.நா. கொண்டு வந்த குழந்தை உரிமை ஒப்பந்தத்தோட 9-வது பிரிவும் இதைத்தான் வேற மாதிரி சொல்லுது, பிரிஞ்சிருக்கிற அம்மா அப்பா ரெண்டு பேரோடயும் தொடர்ந்து பழகுறது குழந்தையோட உரிமை, குழந்தைக்கு அது கெடுதல்னா மட்டும் விதிவிலக்கு. உரிமைன்னு அங்க எழுதியிருக்கிறது குழந்தைக்கு. நான் முதல் வருஷம் முழுக்க "என் உரிமை"ன்னு பேசிட்டு இருந்தேன்.

ஷெட்யூல் போடுறதுக்கு முன்னாடி குழந்தையோட ஒரு வாரத்தை எழுதுங்க

இதுதான் இந்த கட்டுரையிலேயே முக்கியமான இடம், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். நான் முதல் மீடியேஷனுக்கு போனப்போ "எனக்கு பாதி நாள் வேணும்"னு சொன்னேன். அந்த மீடியேட்டரம்மா அதுக்கு ஒண்ணும் சொல்லல, "வியாழக்கிழமை சாயங்காலம் உங்க பொண்ணு என்ன பண்ணுவா, எத்தனை மணிக்கு தூங்குவா, யார் தூங்க வைப்பாங்க?"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல. அவ அம்மாவுக்கு தெரிஞ்சிருந்தது, ஆனா காலையில ஸ்கூலுக்கு கிளப்புறது முழுக்க நான்தான், அதுல எந்த பாட்டில் எந்த பை எந்த சாக்ஸ் எல்லாம் எனக்குத்தான் தெரியும், அவங்களுக்கு தெரியாது. அப்போதான் ரெண்டு பேருக்குமே புரிஞ்சது ஆளுக்கு பாதி குழந்தையைத்தான் தெரிஞ்சு வச்சிருக்கோம்னு.

ஒரு பெரிய பேப்பர் எடுத்து திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும் கட்டம் போடுங்க. எழுந்திரிக்கிறது, ஸ்கூல், கிளாஸ், விளையாட்டு, வீட்டுப்பாடம், குளியல், தூக்கம், மருந்து இருந்தா மருந்து, எல்லாத்தையும் எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இப்போ இதை யார் பண்றாங்கன்னு எழுதுங்க, பொய் சொல்லாம. அதுக்கு கீழ ரெண்டு பேரோட வேலை நேரம், ஷிப்ட், வீட்டுல இருந்து ஸ்கூல் எவ்வளவு தூரம். இந்த பேப்பரை வச்சுக்கிட்டுதான் நாள் பிரிக்கணும். பாதி, முக்கால்னு சதவீதத்துல ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் சதவீதத்துக்குத்தான் சண்டை போடுவீங்க.

நாள் பிரிக்கிற வழிகள்

ராத்திரி கணக்குல யோசிங்க, அதுதான் சுலபம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளி சாயங்காலத்துல இருந்து ஞாயிறு சாயங்காலம் வரைக்கும்னா வருஷத்துக்கு 52 ராத்திரி. கேட்க பரவாயில்லன்னு தோணும், ஆனா ஞாயிறு விட்டுட்டு வந்தா அடுத்து பார்க்கிறது 12 நாள் கழிச்சு, நாலு வயசு குழந்தைக்கு 12 நாள்ங்கிறது ரொம்ப நீளம். வாரத்துல நடுவுல ஒரு ராத்திரி சேர்த்தா 104, அதைவிட முக்கியமா அந்த இடைவெளி பாதியா குறையுது. நாங்க ஆரம்பிச்சது இப்படித்தான், நடுவுல புதன்.

சம பங்குன்னா பல விதம் இருக்கு. ஒரு வாரம் இங்க ஒரு வாரம் அங்க, இது எளிமை, மாத்திக்கிறது வாரம் ஒரே தடவை, ஆனா ஏழு நாள் ஒருத்தரை பார்க்காம இருக்கணும், ஸ்கூல் போற வயசு பிள்ளைங்களுக்கு ஓகே, சின்னதுங்களுக்கு கஷ்டம். 2-2-3ன்னு ஒண்ணு, திங்கள் செவ்வாய் ஒருத்தர், புதன் வியாழன் இன்னொருத்தர், வெள்ளி சனி ஞாயிறு மறுபடி முதல் ஆள், அடுத்த வாரம் அப்படியே தலைகீழ். மூணு ராத்திரிக்கு மேல யாரையும் பிரிஞ்சிருக்க வேண்டாம், ஆனா ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை பை தூக்கணும், ரெண்டு வீடும் பக்கத்துல இருந்தாத்தான் நடக்கும், ரெண்டு பேரும் ஓரளவு பேச்சுவார்த்தையில இருக்கணும். 2-2-5-5ல திங்கள் செவ்வாய் எப்பவும் ஒருத்தர், புதன் வியாழன் எப்பவும் இன்னொருத்தர், வீக்கெண்ட் மட்டும் மாறி மாறி. குழந்தைக்கு இதுல ஒரு நிம்மதி, செவ்வாய்க்கிழமைன்னா எந்த வீடுன்னு யோசிக்கவே வேண்டாம். குழந்தை ஒரே வீட்டுல இருக்க அம்மா அப்பா மாறி மாறி வந்து தங்குற முறையும் இருக்கு, சில மாசத்துக்கு நல்லது, ஆனா மூணு வீட்டு செலவு, சமையலறையில விட்டுப்போன பாத்திரத்துல இருந்து மறுபடி பழைய சண்டை ஆரம்பிக்கும்.

கைக்குழந்தைன்னா நீளமா இருக்கிறதைவிட அடிக்கடி இருக்கிறது முக்கியம். வாரத்துல மூணு நாலு தடவை ரெண்டு மூணு மணி நேரம், அதுல வெறும் கொஞ்சல் இல்லாம குளிப்பாட்டுறது, தூங்க வைக்கிறது, சோறு ஊட்டுறது இருக்கணும், தாய்ப்பால் குடிக்கிற குழந்தைன்னா அந்த நேரத்தை ஒட்டி வைக்கணும். ராத்திரி தங்குறதை மெதுவா கூட்டிக்கலாம். டீன் ஏஜ்னா எதிர்மாறு, அவங்களுக்கு ஃப்ரெண்ட்ஸ், கிளாஸ், தன் ரூம் எல்லாம் இருக்கு, மணி கணக்கு பார்த்தீங்கன்னா உங்க நாளையே வெறுத்துடுவாங்க.

நம்ம ஊர்க்காரங்க, சொந்தக்காரங்க எல்லாம் குழந்தைகிட்ட நேரடியா "நீ யார்கூட இருக்க, அம்மாவா அப்பாவா"ன்னு கேட்பாங்க. தடுத்து நிறுத்துங்க, மரியாதை பார்க்காதீங்க. குழந்தையோட கருத்தை கேட்கிறது வேற, குழந்தையை முடிவெடுக்க வைக்கிறது வேற. "புதன்கிழமை டான்ஸ் கிளாஸ் விட்டு எந்த வீட்டுக்கு போனா உனக்கு ஈஸியா இருக்கும்" இது கேட்கலாம்.

ஹேண்ட்ஓவர்

ஹேண்ட்ஓவர்னா ஒருத்தர் நேரம் முடிஞ்சு குழந்தையை அடுத்தவங்ககிட்ட ஒப்படைக்கிறது. குழந்தை மனசு ரொம்ப அடிபடுறது இந்த அஞ்சு நிமிஷத்துலதான். ரெண்டு வீடு இருக்கிறது அவங்களுக்கு பழகிடும், வாசல்ல ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டு நிக்கிறது பழகாது. எங்களுக்கு வேலை செஞ்ச மூணு விஷயம் சொல்றேன். எடுக்க வராதீங்க, கொண்டு விடுங்க, அதாவது யார் நேரம் முடியுதோ அவங்களே அடுத்த வீட்டுல விடணும், "என்கிட்ட இருந்து பிடுங்கிட்டு போறாங்க"ன்னு இல்லாம "அம்மாவே கொண்டு வந்து விட்டாங்க"ன்னு குழந்தைக்கு இருக்கும். முடிஞ்ச நாள்ல ஸ்கூல் வழியா மாத்துங்க, காலையில ஒருத்தர் விடுறது சாயங்காலம் இன்னொருத்தர் கூட்டிட்டு வர்றது, நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்கவே வேண்டாம். வாசல்ல பணம், கேஸ், வக்கீல் எதுவும் பேசக்கூடாது, "நேத்து ராத்திரி இருமினா, எட்டு மணிக்கு மருந்து கொடுத்திருக்கு", அவ்வளவுதான்.

சாமான் விஷயம் சின்னதா தெரியும், சின்னது இல்ல. பிரஷ், நைட் டிரஸ், சார்ஜர், உள்ளாடை எல்லாம் ரெண்டு வீட்டுலயும் தனி செட் இருக்கட்டும், குழந்தை தன் வீட்டுக்குள்ள கெஸ்ட் மாதிரி பையோட திரியக்கூடாது. கட்டிப்பிடிச்சு தூங்குற பொம்மை மட்டும் அவங்களோடயே போய் வரட்டும், அதை மறந்துட்டா ராத்திரி பத்து மணின்னாலும் கொண்டு போய் கொடுங்க, எவ்வளவு கோபம் இருந்தாலும் சரி.

எழுதும்போது விட்டுப்போற விஷயங்கள்

பேரன்டிங் ப்ளான்ல, அதாவது குழந்தையை எப்படி வளர்க்கிறதுன்னு ரெண்டு பேரும் எழுதி வச்சுக்கிற ஒப்பந்தத்துல, வார நாள் எல்லாரும் எழுதிடுவாங்க, சண்டை வர்றது மத்ததுல. லீவு நாள் எப்போ தொடங்குது எப்போ முடியுதுன்னு மணியோட எழுதுங்க, "பண்டிகை பாதி பாதி"ன்னு மொட்டையா எழுதினா அந்த பண்டிகை அன்னைக்கே காலையில சண்டை. ஒத்தைப்படை வருஷம் ஒருத்தர், ரெட்டைப்படை வருஷம் இன்னொருத்தர்னு வச்சுக்கிட்டா மறக்காது. லீவு ஷெட்யூலும் வார ஷெட்யூலும் மோதினா எது செல்லும்னு ஒரு வரி இருக்கணும், வழக்கமா லீவுதான் செல்லும்னு எழுதுவாங்க. ஸ்கூல்ல இருந்து வர்ற போன், மெசேஜ், மார்க் ஷீட் ரெண்டு பேருக்கும் போகணும்னு எழுதுங்க, டாக்டர் ரிப்போர்ட்டும் அப்படியே. அடுத்த ஆளோட வீட்டுல இருக்கும்போது போன் பேசுறது எந்த நேரம், யார் பக்கத்துல நிக்கக்கூடாது. குழந்தை போட்டோவை சோஷியல் மீடியாவுல போடலாமா. ஒருத்தர் ஊர் மாறணும்னா எத்தனை நாள் முன்னாடி சொல்லணும். பெரிய முடிவுல ரெண்டு பேரும் ஒத்துப்போகலன்னா அடுத்து என்ன, உடனே கோர்ட்டா, முதல்ல மீடியேட்டரா. புது ஆள் யாராவது வாழ்க்கையில வந்தா குழந்தைகிட்ட எப்போ அறிமுகப்படுத்துறது, இதுக்கு மாசக் கணக்கு எழுத முடியலன்னாலும் "முதல்ல அடுத்த பேரன்ட்கிட்ட சொல்லிட்டு"ன்னாவது எழுதுங்க, குழந்தை வாயில இருந்து அந்த செய்தி தெரியக்கூடாது.

பணத்தை தனியா வைங்க. பெரும்பாலான நாடுகள்ல மெயின்டனன்ஸும் (குழந்தை செலவுக்கு கொடுக்கிற பணம்) பார்க்கிற நேரமும் தனித்தனி, இந்த மாசம் பணம் வரலன்னு குழந்தையை காட்டாம இருக்கக்கூடாது, குழந்தையை காட்டலன்னு பணத்தை நிறுத்தவும் கூடாது, ரெண்டுக்கும் கோர்ட்ல தனித்தனியா கேட்க வழி இருக்கு. மாச தொகை தவிர ஸ்கூல் ஃபீஸ், பல் டாக்டர், கண்ணாடி, டூர் இதெல்லாம் யார் எவ்வளவுன்னு ஒரு லிஸ்ட், எவ்வளவுக்கு மேல போனா முன்கூட்டி கேட்கணும்னு ஒரு தொகை, போதும்.

வெளிநாட்டு பயணம்னா இன்னும் கவனம், வேற வேற நாட்டுல குடும்பம் இருக்கிறவங்க நம்மகிட்ட அதிகம். 1980-ல வந்த ஹேக் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, 16 வயசுக்கு கீழ இருக்கிற குழந்தையை அது வழக்கமா வாழுற நாட்டுல இருந்து அடுத்த பேரன்டோட உரிமையை மீறி கூட்டிட்டு போனா திருப்பி அனுப்ப வைக்கிறதுக்கு. ஒரு வருஷத்துக்குள்ள கேட்டா வலு அதிகம், அதனால அப்படி ஏதாவது நடந்தா "பேசிப் பார்க்கலாம்"னு மாசத்தை ஓட்டாதீங்க. ரெண்டு நாடும் அதுல சேர்ந்திருந்தாத்தான் செல்லும், இலங்கை சேர்ந்திருக்கு, இந்தியா சேரல. அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே எழுத்துல சம்மதம், போற தேதி, திரும்புற தேதி, தங்குற அட்ரஸ், பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கும், எல்லாம் ப்ளான்ல இருக்கட்டும். நல்ல எண்ணத்தோட போறவங்களுக்கும் இது பாதுகாப்புதான், ஏர்போர்ட்ல அந்த லெட்டரை கேட்க வாய்ப்பு இருக்கு.

மீடியேஷனா கோர்ட்டா

முடிஞ்சா மீடியேஷன், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. அமெரிக்காவுல ராபர்ட் எமரிங்கிற சைக்காலஜிஸ்ட் கஸ்டடி சண்டையில இருந்த குடும்பங்களை குலுக்கல் மாதிரி ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கத்தை மீடியேஷனுக்கும் இன்னொரு பக்கத்தை வழக்கமான கோர்ட் வழிக்கும் விட்டு, 12 வருஷம் கழிச்சு திரும்ப போய் பார்த்தார். மீடியேஷன்ல உட்கார்ந்தது சில மணி நேரம்தான், ஆனா அந்த வழியா போன குடும்பங்கள்ல தனியா இருக்கிற பேரன்ட் குழந்தையோட வச்சிருந்த தொடர்பு கோர்ட் வழியா போனவங்களைவிட ரொம்ப அதிகம். காரணம் எனக்கு புரியுது, அங்க உட்கார்ந்து பேசுறது முழுக்க குழந்தையோட சாயங்காலத்தைப் பத்தி, கோர்ட்டுக்கு எழுதுற மனுவுல பேசுறது முழுக்க அடுத்தவங்க எவ்வளவு மோசம்னு. அப்படி ஒரு மனுவை படிச்சதுக்கு அப்புறம் "புதன் அஞ்சு மணிக்கு பதிலா ஆறு மணிக்கு விடட்டுமா"ன்னு கேட்க வாய் வராது.

மீடியேட்டர் தீர்ப்பு சொல்ல மாட்டாங்க, யார் சரின்னும் சொல்ல மாட்டாங்க, அதை எதிர்பார்த்து போனா ஏமாற்றமா இருக்கும். அந்த கட்டம் போட்ட பேப்பரை எடுத்துட்டு போங்க. முக்கியமா, பேசி முடிச்சதை வாய் வார்த்தையா விடாதீங்க, எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, வக்கீல்கிட்ட காட்டி, கோர்ட்ல கொடுத்து ஒப்புதல் ஆர்டரா மாத்திக்கோங்க. நல்லா இருக்கிற வரைக்கும் ஆர்டர் தேவையே படாது, ஒருநாள் கெட்டுப்போச்சுன்னா அந்த பேப்பர்தான் உங்க பிடி.

கோர்ட்டுக்குத்தான் போக வேண்டி வந்தா, அங்க பார்க்கிறது குழந்தையோட நலன், உங்க கல்யாணத்துல யார் மேல தப்புங்கிறது இல்ல. குழந்தையை இதுவரைக்கும் யார் கவனிச்சுக்கிட்டாங்க, வீடு, ஸ்கூல், உடம்பு, அப்புறம் நிறைய பேர் யோசிக்காத ஒண்ணு, நீங்க குழந்தையை அடுத்த பேரன்டோட பழக விடுற ஆளா. ஸ்கூல், ஆஸ்பத்திரி பேப்பர், ஒரு காலண்டர்ல எந்த நாள் யார்கிட்ட இருந்துச்சுங்கிற குறிப்பு இதெல்லாம் எடுத்து வைங்க. குழந்தையை ரகசியமா பேச வச்சு ரெக்கார்ட் பண்ணாதீங்க. ஜட்ஜோ, கோர்ட் அனுப்புற ஆளோ குழந்தைகிட்ட தனியா பேசலாம், அதுக்கு என்ன சொல்லணும்னு சொல்லிக் கொடுக்காதீங்க, பழகினவங்களுக்கு அது உடனே தெரியும், அதைவிட, குழந்தைக்கு அது ஆயுசு முழுக்க பாரம்.

தினசரி எப்படி ஓட்டுறது

அடுத்த பேரன்டுக்கு மெசேஜ் அனுப்பும்போது ஒரு மெசேஜ்ல ஒரு விஷயம். தேதி, மணி, கேள்வி, அவ்வளவுதான். "வெள்ளிக்கிழமை டென்டிஸ்ட் 4 மணிக்கு. நான் கூட்டிட்டு போறேன். விட 6 மணி ஆகும், சரியா?" இதுக்கு மேல ஒரு வரி எழுதணும்னு கை துடிச்சா போனை கீழ வச்சிட்டு காலையில பாருங்க. குழந்தைகிட்ட "அம்மாகிட்ட சொல்லிடு", "அப்பா ஏன் பணம் அனுப்பலன்னு கேளு"ன்னு தூது விடவே கூடாது. ரெண்டு பேரும் பேசினாலே வெடிக்கும்னா பேசாமயே வளர்க்கலாம், எல்லாம் எழுத்துல, ஹேண்ட்ஓவர் ஸ்கூல்ல, அவங்க வீட்டு ரூல் அவங்களுக்கு உங்க வீட்டு ரூல் உங்களுக்கு. அங்க டிவி அதிகம் பார்க்கிறான்னு மனசு கொதிக்கும், விட்டுடுங்க. தூக்கம், மருந்து, ஸ்கூல், பாதுகாப்பு இந்த நாலுல மட்டும் ரெண்டு வீடும் ஒண்ணா இருந்தா போதும்.

குழந்தை அங்க இருந்து வந்ததும் முதல் அரை மணி நேரம் கேள்வி கேட்காதீங்க. நான் கேட்டேன். "யார் வந்தாங்க, எங்க போனீங்க, அம்மா என்ன சொன்னா." ரெண்டு மூணு மாசத்துல அவ அந்த வீட்டைப் பத்தி மட்டும் இல்ல, ஸ்கூலைப் பத்தியும் என்கிட்ட சொல்றதை நிறுத்திட்டா. எது சொன்னா யாருக்கு வலிக்கும்னு அவளுக்கு தெரியல, அதனால எதுவும் சொல்லாம இருக்கிறதே நல்லதுன்னு அஞ்சரை வயசுல முடிவு பண்ணிட்டா. அது சரியாக ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்போ வந்ததும் சாப்பிட ஏதாவது கொடுத்துட்டு நான் என் வேலையை பார்ப்பேன், அவளா வந்து சொன்னா கேட்டுப்பேன், "நல்லா இருந்துச்சா, சந்தோஷம்"னு சொல்லுவேன், அந்த சந்தோஷம் நிஜமா வர்றதுக்கு எனக்கு நாள் ஆச்சு.

போக மாட்டேன்னு அழுதா? சின்ன பிள்ளைங்க எந்த பக்கம் இருந்து கிளம்பும்போதும் அழும், போன பத்து நிமிஷத்துல சரியாகுதான்னு அந்தப் பக்கம் கேளுங்க. தொடர்ந்து பயம், படுக்கையில ஒண்ணுக்கு போறது, உடம்புல காயம், ஒரு குறிப்பிட்ட ஆளைப் பத்தி பேச்சு வந்தா உறையுறது, இதெல்லாம்னா உடனே டாக்டர், கவுன்சிலர், வக்கீல். அது இல்லாம வெறும் "போரடிக்குது"ன்னா ஷெட்யூலை நீங்களா நிறுத்தாதீங்க, ஏன் போரடிக்குதுன்னு அந்த பேரன்டுக்கு சொல்லுங்க, அங்க விளையாட ஒண்ணும் இல்லாம இருக்கலாம், எங்க விஷயத்துல என் வீட்டுல அவளுக்குன்னு ஒரு மேஜை கூட இல்லாம இருந்துச்சு, வாங்கிப் போட்டதும் அந்த பிரச்சனை போச்சு.

மாத்தி எழுதுறது

நாலு வயசுக்கு போட்ட ப்ளான் எட்டு வயசுக்கு ஆகாது. எழுதும்போதே "ஆறு மாசத்துல ஒரு தடவை, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து பார்ப்போம்"னு ஒரு வரி போடுங்க, ஸ்கூல் மாறும்போதும் யாராவது வீடு மாறும்போதும் கண்டிப்பா. கோர்ட் ஆர்டரா இருந்தாலும் நிலைமை மாறினா மாத்திக் கேட்க வழி இருக்கு, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா இன்னும் சுலபம். வாய் வார்த்தையா அப்பப்போ நாள் மாத்திக்கிறது நல்லதுதான், ஆனா அது மூணு நாலு மாசம் தொடர்ந்தா எழுத்துல கொண்டு வந்துடுங்க.

போன மாசம் என் பொண்ணு ஒரு விஷயம் சொன்னா, சனிக்கிழமை காலையில பேட்மிண்டன் கோச்சிங் சேரணும், விளையாடுற இடம் அவ அம்மா வீட்டுப் பக்கம், அதனால வெள்ளி ராத்திரி அங்கயே இருந்துட்டு சனி மதியம் என்கிட்ட வரட்டுமான்னு. எனக்கு மாசத்துக்கு ரெண்டு ராத்திரி குறையுது. அவ அம்மா பதிலுக்கு திங்கள் காலை ஸ்கூல்ல நீங்களே விடுங்கன்னு எழுதினாங்க, ஞாயிறு ராத்திரி எனக்கு வந்துடுச்சு. எங்க ப்ளான்ல இது நாலாவது திருத்தம், ஒரே ஒரு வரி, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு போட்டோ எடுத்து வச்சிக்கிட்டோம். சனிக்கிழமை மதியம் அவ ராக்கெட்டோட வந்து இறங்கினா.